மழுங்கின கொடுவாள்தான் ஆபத்து!



காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம். சுத்தியும் முள்கிளுவை வேலி. இந்த வேலியை நம்பித்தான் காங்கேயம் மாடுகளை ஆள் காவல் இல்லாமலே மேயவிடுகிறார்கள்.

கிளுவை உயிர்வேலி. வெட்டிவிட்டால்தான் அடியில் தளிர்த்து அடர்த்தியாகும். வெட்டாமல் விட்டால் மேலே மட்டும் தழைத்து, கீழே சந்து விழும். அப்புறம் ஆடு மாடு பக்கத்துக் காட்டுக்குள் புகுந்து, ஊருக்குள் சண்டைதான்!

லீவு நாளில் நம்மில் பலர் வேலி வெட்டப் போகிறோம். “கூரா இருந்தா கையை வெட்டிடும், மொட்டையாவே இருக்கட்டும்” என்று சிலர் நினைக்கிறார்கள். இது தப்பு! மழுங்கின கொடுவாள் கொம்பில் பதியாது. வழுக்கி நம் காலுக்குத்தான் வரும். ஒரே போடில் விழ வேண்டிய கொம்புக்கு அஞ்சு போடு போட்டால் கை அசந்து குறி தவறும். கிளுவைப் பட்டையும் நாராகக் கிழிந்து, கொம்பு பட்டுப்போகும்.

வாங்கும்போது:
* பட்டறைகளில் லாரி வில்பட்டையில் அடித்த கொடுவாள் நன்றாக உழைக்கும்.
* சுண்டிப் பாருங்கள். ‘கிண்’ என்று கேட்க வேண்டும். ‘டப்’ என்றால் விரிசல் இருக்கலாம்.
* கைப்பிடி ஆடக் கூடாது. பூண் இறுக்கமாக இருக்கணும்.
* அப்பாவின் கொடுவாள் நமக்குக் கனம். நம் கைக்குத் தகுந்ததே போதும்.

தீட்டும்போது:
* தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுங்கள்.
* சாணைச் சக்கரத்தில் ரொம்ப நேரம் வைத்தால் சூடேறி, விளிம்பு நீலமாகும். அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

வெட்டும்போது:
* பெரியவர்கள் கூட இருக்கணும். கொடுவாள் வீசும் தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது.
* ஓங்கும் முன் ஒரு கேள்வி: “வெட்டு தவறினால் இது எங்கே போய் நிற்கும்?” அங்கே நம் கால் இருந்தால் தள்ளி நில்லுங்கள்.
* கீழிருந்து மேலாக, சாய்வாக வெட்டுங்கள். அடிக்கட்டை பிளக்காது.
* முள்ளைக் கையால் தள்ளாதீர்கள். கவைக்கோல் எதற்கு இருக்கிறது?
* கொடுவாளைத் தரையில் போடாதீர்கள், புல்லுக்குள் மறைந்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தடவி, தம்பி தங்கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வெட்டுப்பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனுர்வாத ஊசி தேவையா என்று டாக்டர் சொல்வார்.

கடைசியாக ஒன்று: வெட்டிய கிளுவைக் கொம்பை எல்லாம் விறகாக்க வேண்டாம். நல்ல கொம்பைச் சந்து விழுந்த இடத்தில் மழைக்கு முன்னால் ஊன்றினால் துளிர்த்துவிடும். வெட்டினதே வேலி ஆகும்!

கூராகத் தீட்டுவோம்! கையையும் காப்போம், கிளுவையையும் காப்போம்!

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு