ஊசிக்குக் கண் வந்தது!

அக்கா மகளுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். தாய்மாமன் உரிமை! காதுக்கு ஒரு குத்து. அதற்கே குட்டி ஊரைக் கூட்டினாள். அவளைவிடச் சத்தமாக அழுதது நான்தான் என்று உறவு வட்டாரத்தில் இன்றும் பேச்சு.

அதே குட்டிக்கு நாலு வயசில் கடும் நிமோனியா. கிருமி ரத்தத்தில் பரவி, பிரஷர் இறங்கிவிட்டது. முதலில் சேர்த்த இடத்தில் கையில் இரண்டு, காலில் இரண்டு, மறுபடி கையில் ஒன்று என்று குத்திப் பார்த்து, தக்கிமுக்கி ஒரு ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். "இதுக்கு மேல நரம்பு கிடைக்கலைங்க" என்று கையை விரித்துவிட, ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே ஒரு பாரத்தை நீட்டினார்கள். அத்தான் வெளிநாட்டில். "நீதான் காலேஜ் படிச்சவன். என்னன்னு படிச்சுச் சொல்லுடா" என்றாள் அக்கா. நான் படித்தது பி.காம்.! டெபிட், கிரெடிட் தெரியும். இந்தப் பாரம் பூராவும் டெபிட்டாகவே இருந்தது. கழுத்து வழியாக இதயத்தின் வாசல் வரை குழாய் போடப்படும். ரத்தம் கசியலாம், பக்கத்துத் தமனியில் குத்து விழலாம், நுரையீரல் ஓட்டையாகலாம், கிருமி தொற்றலாம்...

"கையிலேயே போடக் கூடாதா டாக்டர்?"

"பிரஷரை ஏத்துற மருந்து ரொம்பக் காரம் சார். கையில ரொம்ப நேரம் ஓடி, வெளியே கசிஞ்சா சதையே அழுகிடும். பெரிய சிரையில விட்டா ரத்தத்தோட உடனே கலந்துடும். அப்புறம், நீங்கள்லாம் நரம்புன்னு சொல்றது சிரையைத்தான். நரம்பு வேற டிபார்ட்மென்ட்!" என்றார் அந்த டாக்டரம்மா.

அக்கா கை நடுங்கிக் கையெழுத்துப் போட, சக்கரம் வைத்த டி.வி. போல ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்கள். "இது வயித்துல குழந்தை பார்க்கிற மெஷினாச்சே!" என்றாள்.

அதேதான்! 1958-ல் கிளாஸ்கோ டாக்டர் இயன் டொனால்டும் அவர் சகாக்களும் கட்டுரை எழுதி உலகுக்குக் காட்டிய வித்தை. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவது. எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு கிடையாது.

நம் நாட்டில் இதே மெஷினை வைத்துத்தான் 'பெண்ணா?' என்று பார்த்துக் கருவிலேயே அழித்தார்கள். அதனால் 1994-ல் சட்டமே வந்தது. இன்றும் ஸ்கேன் மெஷினைப் பதிவு செய்யாமல் வைத்திருக்க முடியாது. அந்த மெஷின் அன்றைக்கு ஒரு பெண் குழந்தையைக் காப்பாற்ற வந்து நின்றது.

சிரைக்குள் குழாய் விடுவது பழைய சமாசாரம். 1929-ல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மன் டாக்டர், தன் கையிலேயே குழாயைச் செருகி இதயம் வரை தள்ளி, அப்படியே நடந்து போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். அன்றைக்குத் திட்டு, 1956-ல் நோபல்! 1953-ல் ஸ்வீடனின் செல்டிங்கர் சுலப வழி சொன்னார். ஊசி வழியாக மெல்லிய கம்பி. ஊசியை உருவிவிட்டு, கம்பியைப் பிடித்தபடி குழாய்.

ஆனால் ஊசி போகும் இடம்? கழுத்துத் தசையையும் எலும்பையும் தடவிப் பார்த்து ஒரு கணக்கில்தான் குத்துவார்கள். குழந்தைக்குக் கழுத்தே குட்டை. சிரையோ சில மில்லிமீட்டர். ஒட்டினாற்போல மூளைக்குப் போகும் தமனி. சில குழந்தைகளுக்குச் சிரை இடம் மாறியும் இருக்கும். அதனால்தான் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2002-லேயே, அவசரமில்லாத நேரங்களில் கழுத்துச் சிரைக்கு ஸ்கேன் வழியே சிறந்தது என்று சொல்லிவிட்டது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான்.

கதவுக்கு வெளியே நானும் அக்காவும். கடிகாரம் ஓடவே இல்லை. டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார்: "ஒரே குத்துதான். எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்த்தாச்சு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து, குட்டி கண் திறந்து பிஸ்கட் கேட்ட பிறகு, அசட்டுத் துணிச்சலில் கேட்டேன். "எனக்கும் காட்டுங்களேன்." என் கழுத்தில் ஜில்லென்று ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள். "லேசா அமுக்கறேன், பாருங்க." ஒரு வட்டம் பொசுக்கென்று மூடிக்கொண்டது. மற்றது மசியாமல் துடித்தது. "மூடினது சிரை. துடிக்கிறது தமனி. அவ்வளவுதான் வித்தியாசம்!"

"அப்ப எல்லாம் மெஷின் பார்த்துக்கும்!"

"அதான் இல்லே. ஊசி முனை திரையை விட்டு நழுவினா, கண்ணிருந்தும் குருடுதான். கை பழகணும். கை கழுவறதுல இருந்து சுத்தம் வேணும். வேலை முடிஞ்சதும் குழாயை எடுத்துடணும். வச்சிருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமிக்கு வாசல்."

தையல் ஊசிக்குக் காது உண்டு. டாக்டர் ஊசிக்கு இப்போது கண்ணும் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இப்படி ஒரு பாரம் நீட்டப்பட்டால், கையெழுத்துக்கு முன் "ஸ்கேன் பார்த்துத்தானே போடுவீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தப்பில்லை.

குழாயை எடுத்த அன்று குட்டி கழுத்துப் பிளாஸ்திரியைத் தடவியபடி என்னைப் பார்த்தாள்.

"மாமா, இந்த வாட்டியும் நீதான் அழுதியா?"

ஆமாம்டி செல்லம்!