தலைக்கு மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே சூரியன்

உச்சிவேளையில் ஒரு காரின் எல்லாப் பக்கங்களையும்விட அதிக வெயிலை வாங்குவது அதன் கூரைதான். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகலில் நட்டுவைத்த கம்பத்துக்கு நிழல் விழாத நாள் ஒன்று வரும். கத்திரி வெயில் காலம் முழுக்க உச்சிச் சூரியன் செங்குத்திலிருந்து சில டிகிரிதான் விலகியிருக்கும். மேகமில்லாத அந்த வேளையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1,000 வாட் இறங்குகிறது. மின்சார கார்களில் இப்போது பரவிவரும் முழுநீளக் கண்ணாடிக் கூரை சுமார் ஒன்றரைச் சதுர மீட்டர் இருக்கும். ஆக, ஒன்றரைக் கிலோவாட் கூரை மேல் வந்து நிற்கிறது.

இந்தக் கூரை பிறந்த நாடுகளில் கணக்கே வேறு. டிசம்பர் நண்பகலில் பெர்லினில் சூரியன் 14 டிகிரி உயரம்தான் ஏறும். படுக்கையான கூரை மீது விழுவது நேர்வெயிலில் கால்பங்கு. அதே நாளில் சென்னையில் சூரியன் 53 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். கூரைக்குக் கிடைப்பது ஐந்தில் நான்கு பங்கு. பனிக்காலத்தில் வெளிச்சத்துக்கு ஏங்கும் ஊர்க்காரர்களுக்கு அது வரம். நம் ஊரில், மொட்டைமாடிக்குக் கீழே குடியிருப்பவர்கள் கோடையில் படும் பாட்டை காருக்குள் கொண்டுவந்து வைத்த மாதிரி. அதுவும் டாப் மாடலுக்குக் கூடுதல் விலை கொடுத்து.

ஆனாலும் மின்சார கார்களில் இது வெறும் பகட்டுக்காக வந்ததல்ல. பேட்டரி தரைக்கு அடியில் பலகைபோலப் பரந்து கிடப்பதால் கேபினின் தரை உயர்கிறது. உட்காருபவரின் தலையும் உயர்கிறது. கூரையை மேலே தூக்கினால் காற்றுத்தடை கூடி, ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். இரும்புக் கூரை என்றால் அதன் அடியில் துணி லைனிங், அதற்குமேல் குறுக்குச் சட்டங்கள் என்று சில சென்டிமீட்டர் போய்விடும். கண்ணாடிக்கு அவை தேவையில்லை. அதே காரணத்துக்காகத்தான் பல மாடல்களில் இழுத்து மூடும் திரையும் கிடையாது: திரைக்கும் அதைச் சுருட்டிவைக்கும் பெட்டிக்கும் இடம் வேண்டுமே. டெஸ்லா மாடல் ஒய் திரையில்லாமல்தான் வருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் அசெம்பிள் செய்யப்படும் ஹூண்டாய் ஐயோனிக் 5 காரில் மோட்டார் வைத்த திரை உண்டு. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா பிஇ 6 காரின் உயர்வகைகளிலும் திறக்க முடியாத கண்ணாடிக் கூரைதான்.

வெயில் கண்ணாடியைச் சந்திக்கும்போது மூன்று விஷயங்கள் நடக்கின்றன. ஒரு பங்கு பட்டுத் திரும்புகிறது, ஒரு பங்கு ஊடுருவுகிறது, மீதியைக் கண்ணாடியே உறிஞ்சிக்கொள்கிறது. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதனால் ‘கூரை கறுப்பாக இருக்கிறதே, வெளிச்சம் வரவில்லையே’ என்று ஆறுதல்பட முடியாது. கறுப்புக் கண்ணாடி வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை, விழுங்குகிறது. விழுங்கியது எங்கும் போய்விடாது. கண்ணாடி சுட்டு, ஓட்டுநரின் உச்சந்தலையை நோக்கி அனலாக வெளிவருகிறது. ஏசி காற்று முகத்தில் சில்லென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே தலை மட்டும் காய்வது இதனால்தான். காற்றின் வெப்பநிலையைக் குறைத்து இந்த அனலை நிறுத்த முடியாது. வெப்பக் கதிர் காற்றைச் சட்டை செய்யாமல் நேராக வந்து படுவது.

இதற்கு ஒரு நல்ல வைத்தியம் கண்ணாடியின் உட்புறம் பூசப்படும் ‘லோ-ஈ’ பூச்சு. சாதாரணக் கண்ணாடி சூடேறினால் தன் வெப்பத்தைத் தாராளமாகக் கதிர்வீசும். இந்தப் பூச்சு அந்தத் தாராளத்தைக் கட்டுப்படுத்துகிறது. 60 டிகிரி சூடேறிய கூரையிலிருந்து தலைக்கு வந்து சேரும் வெப்பம், பூச்சு இல்லாவிட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 160 வாட். பூச்சு இருந்தால் 40 வாட்டுக்குப் பக்கம். இது தவிர, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய வெள்ளிப் படலம் வைத்து, அகச்சிவப்பை உறிஞ்சவிடாமல் வெளியே திருப்பிவிடும் கூரைகளும் உண்டு. தகடுகளை ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் படலம் புற ஊதாக் கதிரை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும் என்பதால் தோலுக்குப் பயமில்லை. ஆனால் சூட்டைக் குறைப்பதில் அதன் பங்கு சிறிது.

எந்தக் காரில் எந்தக் கண்ணாடி என்பதை ஷோரூம் விளக்கப் புத்தகம் பெரும்பாலும் சொல்லாது. டெஸ்ட் டிரைவை மாலையில் வைத்துக்கொள்ளாமல் மதியம் இரண்டு மணிக்குக் கேட்பது நல்லது. அரைமணி நேரம் வெயிலில் நின்ற காரில் ஏறி, கூரைக்கு ஒரு சாண் கீழே உள்ளங்கையை மேல்நோக்கிப் பிடித்தால் கையே சொல்லிவிடும்.

பழி முழுவதையும் கூரை மேல் போடுவதும் நியாயமல்ல. சுமாரான கறுப்புக் கூரை, தன்மேல் விழும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கை உள்ளே விடுகிறது என்று கொண்டால், வருவது 300 வாட். முன்கண்ணாடியோ ஓட்டுநருக்குப் பாதை தெரிய வேண்டும் என்பதால் தெளிவாகத்தான் இருந்தாக வேண்டும். சாய்வாகவும் இருப்பதால் வெயிலை நன்றாகவே வாங்கும். பாதியை மட்டும் உள்ளே விட்டாலும் 500 வாட்டுக்குக் குறையாது. கூரையை மட்டும் மூடிவிட்டு முன்கண்ணாடியை மறந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

நிறுத்திவைத்த கார் எவ்வளவு சுடும் என்பதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து 2018இல் வெளியிட்டனர். கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் உட்காற்று சராசரியாக 47 டிகிரி, ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நின்ற கார்களில் உட்காற்று 38, டேஷ்போர்டு 48. டேஷ்போர்டில் இருபது டிகிரி வித்தியாசத்தை ஒரு வேப்பமர நிழல் சும்மா கொடுக்கிறது என்றால், அதற்கு மிஞ்சிய கருவி எதுவும் கடையில் இல்லை. ஏறும் வேகமும் கவனிக்க வேண்டியது. 2005இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வின்படி, ஒரு மணி நேரத்தில் ஏறும் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே ஏறிவிடுகிறது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை. குழந்தையை விட்டுவிட்டு ‘ஐந்து நிமிஷத்தில் வந்துவிடலாம்’ என்று கடைக்குள் போகக் கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

நிழல் கிடைக்காத இடத்தில் முதல் சாய்ஸ், கண்ணாடிக்கு வெளியே போடும் உறை. வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடுப்பது அது ஒன்றுதான். வெள்ளி நிறத்தில், காரின் மேல்பாதியை மட்டும் மூடும் உறைகள் கிடைக்கின்றன. போர்த்த இரண்டு நிமிடம் ஆகும், தூசி படிந்த காரில் கீறல் விழும். இந்தச் சோம்பலுக்காகத்தான் எல்லோரும் உள்ளே மாட்டும் திரையை வாங்குகிறார்கள்.

உள்திரை இரண்டாந்தரம்தான், வீண் அல்ல. திரையின் வெள்ளிப் பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்பினாலும், கறுப்புக் கூரையாக இருந்தால் அது வெளியேறும் வழியில் கண்ணாடி மறுபடியும் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று வெந்துகொண்டிருக்கும். ஆனாலும் தலைக்கு நேரே வரும் அனலைத் திரை மறைத்துவிடுகிறது. ஓடும் காரில் அதன் உண்மையான பயன் இதுதான். வலைத்துணித் திரை கண்கூச்சத்தைக் குறைக்கும், அனலை அவ்வளவாகக் குறைக்காது. முன்கண்ணாடி தெளிவானது என்பதால் அங்கே வெள்ளித் திரை முழுப் பலன் தருகிறது. டேஷ்போர்டு அளவுக்குச் சூடேறும் பொருள் கேபினில் வேறில்லை என்பதால் வாங்க வேண்டிய முதல் திரையும் அதுவே.

அடுத்து சன் ஃபிலிம். விற்பவர் ஒரு சூட்டு விளக்கைப் போட்டு, ஃபிலிமுக்கு இந்தப் பக்கம் கையை வைக்கச் சொல்வார். ‘99 சதவீத அகச்சிவப்பைத் தடுக்கும்’ என்பார். அந்த எண் பெரும்பாலும் அகச்சிவப்பின் ஒரு குறுகிய பட்டைக்கு மட்டும் பொருந்துவது. கேட்க வேண்டியது, மொத்த வெயில் ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்ற எண்ணை; அது எப்போதும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். உலோகப் படலம் கொண்ட ஃபிலிம்கள் ஜிபிஎஸ், ஃபாஸ்டேக் போன்ற ரேடியோ சமிக்ஞைகளை மட்டுப்படுத்தக்கூடும். செராமிக் வகையில் அந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே கறுப்பாக உள்ள கூரையின் உள்ளே வெப்பத்தை உறிஞ்சும் ஃபிலிமை ஒட்டினால் கண்ணாடி இன்னும் சூடேறி விரிசல்விட வாய்ப்புண்டு. ஒட்டுவதற்கு முன் வாரண்டி நிபந்தனையைப் படித்துவிடுவது உத்தமம்.

சட்டமும் குறுக்கே வரும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதி, முன்பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும் என்கிறது. கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடைசெய்தது. பின்னர் விதி திருத்தப்பட்டது. அதன் அடிப்படையில், இந்த ஒளி அளவைக் காக்கும் ஃபிலிம்களுக்குத் தடையில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. தெருவில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஃபிலிமின் சான்றிதழை வண்டியிலேயே வைத்திருப்பது சௌகரியம்.

இவ்வளவையும் மீறி உள்ளே வந்த சூட்டை ஏசி வெளியேற்ற வேண்டும். அதற்கான மின்சாரம் ஓட்டத்துக்கான அதே பேட்டரியிலிருந்து போகிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் ஐந்து மின்சார கார்களைச் சோதித்தபோது, 35 டிகிரி வெப்பத்தில் ஏசியுடன் ஓடும் தூரம் சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. இங்கே ஒரு சூட்சுமம். ஏசி கிலோமீட்டர் கணக்கில் தின்பதில்லை, மணிக்கணக்கில் தின்கிறது. நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் எடுக்கும் காரில் ஏசி மணிக்கு ஒரு யூனிட் எடுப்பதாகக் கொண்டால், நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏழு சதவீதக் கூடுதல். சென்னை கத்திப்பாரா நெரிசலில் 30 கிலோமீட்டர் வேகத்தில் 22 சதவீதம்.

ஏறியவுடன் கதவைத் திறந்து அனல்காற்றை வெளியேற்றுவது எல்லோரும் செய்வது. செய்யலாம், ஆனால் கேபின் காற்று மூன்று கிலோ சொச்சம்தான். அதை 25 டிகிரி குளிர்விக்க ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்குகூட வேண்டாம். சூடு பதுங்கியிருப்பது சீட்டிலும் டேஷ்போர்டிலும் கூரையிலும். அவை ஆறத்தான் நேரமும் மின்சாரமும் ஆகின்றன. மின்சார காரின் பெரிய வசதி இங்கே உதவும்: எஞ்சின் ஓடாமலே ஏசி ஓடும். சார்ஜர் மாட்டியிருக்கும்போதே, கிளம்பப் பத்து நிமிடம் முன்னால் செல்போன் ஆப்பில் ஏசியைப் போட்டுவிட்டால், முதல் குளிர்விப்புக்கான செலவு வீட்டு மீட்டரில் போகும், பேட்டரியில் போகாது. ஓடும்போது உட்காற்றையே சுழலவிடுவதும், காற்று ஊதும் சீட் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஏசியை இரண்டு டிகிரி ஏற்றிவைப்பதும் சிக்கனம்.

டெஸ்லா போன்ற கார்களில் நிறுத்திய பிறகும் கேபினை 40 டிகிரிக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு உண்டு; பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போனால் தானே நின்றுவிடும். சராசரியாக அரைக் கிலோவாட் எடுத்தால்கூட, எட்டு மணி நேர அலுவலகப் பொழுதில் நான்கு யூனிட், அதாவது 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய மின்சாரம், யாரும் உட்காராத காருக்குப் போய்விடும். தினமும் போட்டுவைக்கத் தேவையில்லை.

பெரும்பாலான புதிய மின்சார கார்களில் கேபினைக் குளிர்விக்கும் அதே கம்ப்ரஸர்தான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. நடுப்பகலில் நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜரில் நிற்கும்போது பேட்டரி கொதிக்கும், கூரை வழியே கேபினும் கொதிக்கும். இரண்டுக்கும் கம்ப்ரஸரின் திறன் போதாவிட்டால் உள்ளே ஏசி மந்தமாகலாம், சார்ஜ் ஏறும் வேகமும் குறையலாம். மேற்கூரை போட்ட சார்ஜிங் நிலையமாகப் பார்த்து நிற்பதும், முடிந்தால் அந்த நேரத்தில் காருக்குள் உட்காராமல் இருப்பதும் இரண்டுக்கும் நல்லது. வெயிலில் நாள் முழுக்க நிற்கப்போகும் காரை நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி விடுவதையும் தவிர்க்க வேண்டும். நிறைந்த பேட்டரி சூட்டில் கிடந்தால் சீக்கிரம் தேய்கிறது.