பிறக்கும் முன்பே வந்த கண்புரை

கண்புரை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் தாத்தாக்களும் பாட்டிகளுமே. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களிலிருந்து பேருந்தில் வந்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியுடன் ஊர் திரும்பும் முதியவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். 1976-ஆம் ஆண்டில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை அது. ஆனால் அங்கே கண்புரைக்காக வருபவர்கள் எல்லாருமே முதியவர்கள் அல்லர். தாயின் மடியில் இரண்டு மாதக் குழந்தைகளும் வருகிறார்கள். கண்மணி கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெண்மை தெரிகிறது. அறுபது வயதில் வர வேண்டிய புரை பிறக்கும்போதே எப்படி வந்தது?

முதலில் புரை என்பது என்ன என்று பார்ப்போம். இது என் பாடமான இயற்பியலுக்கும் சொந்தமான கேள்வி. கண்ணின் லென்ஸில் புரதம் நிறைந்த நீண்ட செல்கள் வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காக இருக்கின்றன. அதில் இரத்தக் குழாய் கிடையாது. அடுக்கு ஒழுங்காக உள்ளவரை ஒளி நேரே புகுந்து செல்லும். ஒழுங்கு குலைந்தால் ஒளி நாற்புறமும் சிதறும்; லென்ஸ் வெளுத்துத் தெரியும். தெளிவாக இருக்கும் முட்டையின் வெண்கரு, வெந்ததும் வெள்ளையாகிவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான்.

முதுமையில் இந்த ஒழுங்கு மெல்ல மெல்லக் குலைகிறது. பச்சிளங் குழந்தையின் லென்ஸைக் குலைத்தது எது? இதற்குப் பல காரணங்கள் உண்டு; சில, குடும்பத்தில் வழிவழியாக வருபவை. மற்றொரு முக்கியக் காரணம் ரூபெல்லா என்னும் வைரஸ். ஒரு மில்லிமீட்டரைப் பதினைந்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் குறுக்களவு.

ரூபெல்லா பார்வைக்கு மிகச் சாதுவான நோய். ஜெர்மன் தட்டம்மை என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஆனால் மணல்வாரி எனப்படும் தட்டம்மையை உண்டாக்கும் வைரஸ் வேறு, இது வேறு. ரூபெல்லா தொற்றி இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் இலேசான காய்ச்சல் அடிக்கும். காதுக்குப் பின்னும் பிடரியிலும் நெறி கட்டும். முகத்தில் தொடங்கி உடலெங்கும் இளஞ்சிவப்புத் தடிப்பு தோன்றும். மூன்று நாளில் எல்லாம் மறைந்துவிடும். குழந்தை மறுபடி விளையாடப் போய்விடும்.

நம் ஊர்ப் பக்கம் மேலில் தடிப்பு கண்டால் ‘அம்மை போட்டிருக்கிறது’ என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, வெளியார் வராமல் பார்த்துக்கொள்வார்கள். இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; நோயாளியைத் தனித்திருக்கச் செய்யும் வரையில் அது நல்ல ஏற்பாடே. ஆனால் ரூபெல்லாவிடம் அது பலிக்காது. தடிப்பு தோன்றுவதற்கு ஒரு வாரம் முன்பே நோயாளியின் மூச்சிலும் இருமலிலும் வைரஸ் பரவத் தொடங்கிவிடுகிறது. தொற்றியவர்களில் பாதிப் பேர் வரை தடிப்பே இல்லாமல் தப்பிவிடுகிறார்கள். யாருக்கென்று வேப்பிலை செருகுவது?

இந்தச் சாதுவின் மறுமுகத்தைக் கண்டவர் ஒரு கண் மருத்துவர். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இருந்த நார்மன் கிரெக் என்பவர், 1941-இல் பிறவிக் கண்புரையோடு வரும் குழந்தைகள் திடீரென்று பெருகியிருப்பதைக் கவனித்தார். தம்மிடமும் பிற மருத்துவர்களிடமும் வந்த 78 குழந்தைகளின் விவரம் சேகரித்தார். அவர்களில் 68 பேருடைய தாய்மார், கருவுற்றிருந்தபோது தமக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததாகச் சொன்னார்கள். அதற்கு முந்திய ஆண்டில் அந்நோய் அங்கே பெருவாரியாகப் பரவியிருந்தது. குழந்தைகள் பலருக்கு இதயத்திலும் கோளாறு இருந்தது.

மருத்துவ உலகம் உடனே தலையாட்டிவிடவில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ‘லான்செட்’ இதழ், கிரெக் தம் கருத்தை நிரூபித்துவிடவில்லை என்று 1944-இல் எழுதியது. துணைக்கு வந்தவர் லங்காஸ்டர் என்னும் புள்ளியியலார். ஆஸ்திரேலியாவின் பழைய மக்கள்தொகைக் கணக்குகளில் காது கேளாதோர் எண்ணிக்கையை வயதுவாரியாக அவர் எடுத்துப் பார்த்தார். 1911-ஆம் ஆண்டுக் கணக்கில் 10 முதல் 14 வயது வரை உள்ளவர்களிடையே ஒரு மேடு தெரிந்தது. 1921-ஆம் ஆண்டுக் கணக்கிலோ அதே மேடு 20 முதல் 24 வயதுக்கு நகர்ந்திருந்தது! காது கேளாமை ஒரு குறிப்பிட்ட வயதின் நோயாக இருந்தால் மேடு அங்கேயே நின்றிருக்கும். அது நகர்ந்ததால், 1899-ஐ ஒட்டிப் பிறந்த ஒரு தலைமுறையே பாதிக்கப்பட்டிருந்தது என்று விளங்கிற்று. அப்போதும் ஒரு ரூபெல்லா அலை அடித்திருந்தது. எந்த நுண்ணோக்கியும் இல்லாமல், வெறும் கணக்கேட்டிலிருந்து கிடைத்த சான்று இது.

தாய்க்கு மூன்று நாளில் போய்விடும் நோய் கருவை ஏன் இப்படிச் சிதைக்கிறது? கருவின் முதல் மூன்று மாதங்களில்தான் கண்ணும் காதும் இதயமும் உருவெடுக்கின்றன. தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியே உள்ளே நுழையும் வைரஸ், செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. அவ்வேளையில் லென்ஸுக்குள் நுழைந்த வைரஸ், குழந்தை பிறந்தபின் நெடுநாள் அங்கேயே குடியிருப்பதும் உண்டு. முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்குத் தொற்றினால், கரு பாதிக்கப்படும் வாய்ப்பு 85 முதல் 90 விழுக்காடு வரை. சில கருக்கள் சிதைந்தே போகின்றன. வாரங்கள் செல்லச் செல்ல ஆபத்து குறைகிறது; 20 வாரங்களுக்குப் பின் குறைகள் அரிது.

மதுரைக்குத் திரும்புவோம். அரவிந்த் மருத்துவமனையில் டாக்டர் பி. விஜயலட்சுமி உள்ளிட்ட மருத்துவர்களும் இலண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து, கண்புரையுள்ள 366 குழந்தைகளை ஆராய்ந்து 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் காரணம் ரூபெல்லா. சிட்னியில் கிரெக் கண்டது, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் நம்மிடையே நடந்துகொண்டிருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ரூபெல்லாவோடு பிறந்த குழந்தை ஓராண்டு வரைகூட வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அக்குழந்தையைத் தூக்கிக் கவனிக்கும் இளம் செவிலியர்களின் கதி என்ன? மதுரை, கோவை, திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனைகளின் பெண் ஊழியர்களுடைய இரத்தத்தைச் சோதித்தபோது, பத்தில் ஒருவருக்கு மேல் ரூபெல்லாவுக்கு எதிர்ப்பொருளே இல்லை என்று தெரிந்தது. அவர்களுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடாயிற்று. இந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது.

தடுப்பூசி அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. 1962-இல் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1969-இல் அமெரிக்காவில் முதல் தடுப்பூசி வந்தது. இன்று நம் நாட்டில் போடப்படுவது ஸ்டான்லி பிளாட்கின் உருவாக்கிய வகை. அவர் வைரஸை 30 டிகிரி செல்சியஸ் குளுமையில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். குளுமைக்குப் பழகிய வைரஸ், நம் உடலின் 37 டிகிரியில் நோய் உண்டாக்கும் வலுவை இழந்துவிட்டது.

அப்படியானால் உடனே எல்லா ஊரிலும் ஊசியைத் தொடங்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் கணக்கு குறுக்கிடுகிறது. எதிர்ப்பாற்றலே இல்லாத ஊரில் ஒரு நோயாளி சராசரியாக ஆறு பேருக்கு ரூபெல்லாவைத் தருவதாகக் கொள்வோம். உண்மை அளவும் ஏறத்தாழ இதுவே. அந்த ஆறில் ஐந்து பேர் காப்புப் பெற்றிருந்தால், ஒருவர் ஒருவருக்கே தருவார், நோய் வளராது. ஐந்துக்கும் கொஞ்சம் மேலே, அதாவது 85 விழுக்காட்டை எட்டினால் சங்கிலி அறுந்துவிடும்.

பாதிப் பேருக்கு மட்டும் ஊசி போட்டால்? நோயாளி இன்னும் மூன்று பேருக்குத் தருவார். வைரஸ் ஊரைவிட்டுப் போகாது. ஆனால் மெதுவாகச் சுற்றும். ஊசி போடாத ஒரு சிறுமி, முன்பானால் ஏழெட்டு வயதில் அதை வாங்கி, மூன்று நாளில் குணமாகி, வாழ்நாள் காப்புப் பெற்றிருப்பாள். இப்போது வைரஸ் அவளைச் சந்திக்கும்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு. அரைகுறைத் தடுப்பூசி நோயாளிகளைக் குறைத்து, ஊனமுற்ற குழந்தைகளைப் பெருக்கக்கூடும்!

இது வெறும் தாள்கணக்கு அன்று. கிரேக்க நாட்டில் 1970-களின் நடுவில் தொடங்கிய இந்த ஊசி, 1980-கள் முழுதும் பாதிக் குழந்தைகளைக்கூட எட்டவில்லை. 1993-இல் ரூபெல்லா பரவியபோது நோயாளிகளில் பலர் இளம் வயதினர். அதை ஒட்டி 25 குழந்தைகள் பிறவிக் கேட்டோடு பிறந்தன. பிரிட்டன் வேறு வழியில் போயிற்று. 1970 முதல் பள்ளிச் சிறுமிகளுக்கு மட்டும் ஊசி. ஆனால் வைரஸ் பையன்களிடமும் மழலைகளிடமும் சுற்றிக்கொண்டே இருந்தது. விடுபட்ட தாய்மாருக்கு வீட்டுப் பிள்ளைகளே அதைக் கொண்டுவந்தார்கள். 1988 முதல் இருபாலருக்கும் போடத் தொடங்கினார்கள்.

‘கர்ப்பிணிக்கு வரும் ஆபத்துக்கு எனக்கேன் ஊசி?’ என்று கேட்கும் பையனுக்கு விடை கிடைத்ததல்லவா?

நம் நாட்டில் 2017 பிப்ரவரியில், தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் முதலில் தொடங்கியபோது, கைக்குழந்தைகளோடு நிறுத்தாமல் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் ஒரே வீச்சில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டதன் காரணமும் இதுவே. இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் உங்களில் பலர் அப்போது சிறு பிள்ளைகளாகக் கையை நீட்டியிருப்பீர்கள். கைப்பேசியில் பரவிய வதந்திகளுக்கு அஞ்சிப் பல பெற்றோர் தயங்கியதால், தமிழ்நாட்டில் முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அதன்பின் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என வழக்கமான ஊசிகளோடு இதுவும் சேர்ந்துவிட்டது. 1996-இலேயே தொடங்கிவிட்ட இலங்கை, 2020-இல் ரூபெல்லாவை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

இதில் விடுபட்ட ஒரு வரிசை உண்டு. 2017-இல் 15 வயதைத் தாண்டியிருந்தவர்கள் அந்த முகாமில் சேரவில்லை. உங்கள் அக்கா, சித்தி, அண்ணி இந்த வயதினராக இருக்கலாம். சிறு வயதில் அறியாமலே ரூபெல்லா வந்து அவர்கள் காப்புப் பெற்றிருக்கவும் கூடும். இரத்தச் சோதனையில் தெரிந்துகொள்ளலாம். ஊசி தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டுத் திருமணத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. அது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் என்பதால் கருவுற்றபின் போடமாட்டார்கள். போட்டபின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள்.