நினைத்தபடி நடக்காவிட்டால்?

"மனிதன் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும்" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது நம்மவர் வழக்கம். தெய்வத்தின்மேல் பழி போடுவதற்கு முன்னால், மனிதன் ஒன்றை மட்டுமே நினைத்ததல்லவா பிசகு என்று நமக்குத் தோன்றுகிறது. இரண்டு மூன்றையாவது நினைத்து வைத்திருக்கலாமே!

ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் சரித்திரத்தைப் பாருங்கள். 1970-களின் ஆரம்பத்தில் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. என்றும் அப்படியே கிடைக்கும் என்பது பலருடைய அபிப்பிராயம். அக்கம்பெனியில் பியர் வாக் என்னும் பிரெஞ்சுக்காரரும் அவருடைய சகாக்களும், விலை இப்படியே இருந்தால் ஒரு கதை, எண்ணெய் விளையும் தேசங்கள் ஒன்றுகூடி விலையை ஏற்றினால் வேறொரு கதை என்று தனித்தனியே எழுதி நிர்வாகிகள் முன் வைத்தார்கள். ஜோஸ்யம் சொல்வது அவர்கள் நோக்கமன்று. எந்தக் கதை பலித்தாலும் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிக்கச் செய்வதே நோக்கம். 1973 அக்டோபரில் மேற்காசியாவில் யுத்தம் மூண்டது. சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. உலகம் திகைத்தபோது, ஷெல் நிர்வாகிகளுக்கு அது ஏற்கெனவே படித்த கதையாக இருந்தது.

இது பணத்தைப் பற்றிய விஷயம். உயிரைப் பற்றிய உதாரணம் நம் தேசத்திலேயே உண்டு. 1999 அக்டோபரில் ஒடிசாக் கரையைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். அதன் பின்னர் மாநில சர்க்கார் பேரிடருக்கென்றே தனி ஸ்தாபனம் அமைத்தது. கரையோரத்தில் புயல் காப்பகங்கள் எழுந்தன. முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் நடக்க இயலாதவர்களையும் முதலில் அழைத்துச் செல்லக் கிராமத் தொண்டர்கள் பழகிக் கொண்டார்கள். 2013 அக்டோபரில் பைலின் என்னும் கடும்புயல் அதே கரைக்கு வந்தது. வானிலை எச்சரிக்கை கிடைத்ததும் ஏறக்குறைய 10 லட்சம் ஜனங்கள் பத்திரமான இடம் சேர்ந்தார்கள். இந்தத் தடவை மாண்டவர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. வந்தது சாதாரணப் புயலன்று. மனிதரின் ஆயத்தம் வளர்ந்திருந்தது.

நம் வீட்டு வரவு செலவுக்கும் இதே நியாயந்தான். 2008 ஜனவரியில் பம்பாய்ப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் 20,000-க்கு மேலே நின்றது. அவ்வருஷம் அக்டோபரில் 9,000-க்கும் கீழே விழுந்தது. 2010 செப்டம்பரில் மறுபடியும் 20,000-ஐத் தாண்டிற்று. காத்திருக்க முடிந்தவர்கள் இழந்ததைத் திரும்பக் கண்டார்கள். மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை முழுவதும் பங்குகளில் போட்டவர், முகூர்த்தத்தை இரண்டு வருஷம் தள்ளிவைக்க இயலுமா? அடிமாட்டு விலைக்கு விற்கத்தான் வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்குள் வேண்டிய பணம் பாங்கியில் இருக்கட்டும். ஆறு மாதக் குடும்பச் செலவு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எஞ்சியது பங்குகளுக்குப் போகட்டும்.

வருமுன் காத்த மீனின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? அந்த மீன் வலை விழும்வரை காத்திருக்கவில்லை. ஆபத்து வரக்கூடும் என்று முன்கூட்டியே விலகிக்கொண்டது. அதுவே போதுமானதாயிருந்தது. நேயர்கள் அடுத்த பெரிய காரியத்துக்குத் திட்டமிடும்போது, காகிதத்தின் ஒரு பக்கத்தில் நடக்க வேண்டியதை எழுதுங்கள். மறுபக்கத்தில், அது நடக்காவிட்டால் செய்ய வேண்டியதையும் எழுதி வையுங்கள்.