வெப்பத் தடுப்பும் மின்சாரச் செலவும்

சங்கங்கள் புதிய கட்டடம் எழுப்ப முற்படும்போது, சுவருக்கும் கூரைக்கும் வெப்பத் தடுப்பு அமைக்க வேண்டுமா என்ற வினா எழுகிறது. தடிப்பு மிகுந்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று வியாபாரிகள் கூறுவர். அது மெய்யே. ஆயினும் எவ்வளவு செலவுக்கு எவ்வளவு மிச்சம் என்பதை அங்கத்தினர்களே கணக்கிட்டு அறிதல் நலம். செலவாவது அவர்களுடைய பணமன்றோ?

முதலில் கவனிக்க வேண்டியது, அக்கட்டடத்தைக் குளிர்விக்க மின்சாரம் செலவாகிறதா என்பதாகும். சங்கத்தின் லாரி நிற்கும் கொட்டகையில் அத்தகைய செலவு இல்லை. இல்லாத செலவை எவ்வாறு குறைப்பது? தறிக்கூடத்தின் தகரக் கூரைக்கு அடியில் தடுப்பு அமைத்தால் நெசவாளருக்குக் கோடையின் வெம்மை தணியும். அது பெரும் பயனே. ஆனால் அதனை நெசவாளர் நலம் என்று கணக்கில் எழுத வேண்டுமேயன்றி, மின்சார மிச்சம் என்று எழுதலாகாது.

காய்கனி வைக்கும் குளிர்பதனக் கிடங்கின் நிலை வேறு. சுவர், கூரை, தரை ஆகியவை சேர்ந்து 100 சதுர மீட்டர் பரப்புள்ள சிறு கிடங்கு ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். உள்ளே 4 டிகிரி செல்சியஸ்; வெளியே ஆண்டுச் சராசரி 29 டிகிரி. பஃப் எனப்படும் நுரைப்பலகை 50 மில்லிமீட்டர் தடிப்பாயின், அதன் வழியே ஏறத்தாழ 1,150 வாட் வெப்பம் உட்புகும். 100 மில்லிமீட்டராயின் 575 வாட். 150 மில்லிமீட்டராயின் 383 வாட். ஆகவே, முதலில் கூட்டிய 50 மில்லிமீட்டர் 575 வாட்டைத் தடுக்கிறது. அடுத்து கூட்டிய 50 மில்லிமீட்டரோ 192 வாட்டையே தடுக்கிறது.

இரண்டரைப் பங்கு வெப்பத்தை வெளியேற்ற ஒரு பங்கு மின்சாரம் வேண்டும் எனவும், யூனிட்டுக்கு 8 ரூபாய் எனவும், 50 மில்லிமீட்டர் கூட்டுவதற்கு 60,000 ரூபாய் எனவும் வைத்துக்கொள்வோம். முதற் கூடுதலால் ஆண்டுக்குச் சுமார் 2,000 யூனிட், அதாவது 16,000 ரூபாய் மிச்சம். போட்ட பணம் நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பும். இரண்டாம் கூடுதலால் 670 யூனிட், அதாவது சுமார் 5,400 ரூபாயே மிச்சம். அது திரும்ப பதினோர் ஆண்டுகள் ஆகும்.

இது கிடங்கு ஆண்டு முழுவதும் இயங்கும் என்று கொண்ட கணக்கு. அறுவடையை ஒட்டி நான்கு மாதமே இயங்குமாயின், முதற் கூடுதலுக்கும் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க நேரும்.

இன்னும் ஒன்று. கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால், தடித்த சுவரால் விளையும் மிச்சம் அவ்வழியே போய்விடும். பலகைகளின் இணைப்புகளில் ஈரம் புகுந்தாலும் தடுப்பு வலுவிழக்கும்.

ஆகவே நிர்வாகக் குழுவினர் ஒரே விலைப்பட்டியலை வாங்கி ஒப்பமிடாது, ஒவ்வொரு தடிப்புக்கும் தனித்தனியே விலை கேட்டுப் பெறுக. கிடங்கு இயங்கும் மாதங்களையும், தங்கள் மின்கட்டணத்தையும் அதனுடன் சேர்த்துக் கணக்கிட்டு, மகாசபையின் முன் வைத்த பின்னரே தீர்மானம் செய்க.