நகல் தட்டும் நடுநிலையும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்றவன் நான். வகுப்பறையில் ஒரு சன்னல் கண்ணாடி உடைந்துவிட்டால், 'யார் உடைத்தது?' என்றுதான் என் வாயிலிருந்து முதற் கேள்வி பிறக்கும். 'எப்படி உடைந்தது?' என்று கேட்பவனே விஞ்ஞானி. இந்த இரண்டாவது கேள்வியை உரிய காலத்தில் கேட்கத் தவறியதால், ஓர் இளைஞனுக்கு நான் அநீதி இழைத்தேன். அது எங்ஙனம் நேர்ந்தது, எங்ஙனம் வெளிப்பட்டது என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கதையின் நடுவே நிற்பது என் பழைய காரிலுள்ள சி.டி. கருவி.

எங்கள் பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பாடம் சொன்னால் பக்கத்து வகுப்பும் அமைதியாகிவிடும். அவர் மறைந்தபின் எஞ்சியது ஓர் ஆண்டுவிழாவில் பதிவான ஒலிநாடா மட்டுமே. அதுவும் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. வேலூரில் ஒரு சிறு கடையில் இருந்த இளைஞன் பொறுமையாக அதைத் துடைத்து, ஓட்டி, இரண்டு குறுந்தகடுகளில் பதிந்து கொடுத்தான். அத்துடன் நாடாவும் அறுந்து போயிற்று. ஒரு தட்டை வாணியம்பாடியில் வாழும் ஆசிரியரின் மகளிடம் கொடுத்தேன். மற்றொன்றைக் காரில் வைத்துக்கொண்டேன். வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, மாதனூர் வழியாக ஆம்பூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அந்த வழி நெடுக அவர் குரல் எனக்குத் துணையாக வந்தது.

அடுத்த கோடையில் ஒருநாள் கருவி அந்தத் தட்டை உள்ளே இழுத்தது, சற்றே முனகியது, வெளியே தள்ளிவிட்டது. மீண்டும் இட்டேன், மீண்டும் தள்ளியது. கடையில் விலைக்கு வாங்கிய இசைத் தட்டை இட்டால் தடையின்றிப் பாடியது. 'கருவி நன்றாக இருக்கிறது. ஆகவே தட்டுத்தான் மட்டம்' என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். நேரே கடைக்குச் சென்று, நாலு பேர் முன்னிலையில் அந்த இளைஞனைக் கடிந்துகொண்டேன். "வேறு தட்டில் போட்டுத் தருகிறேன், ஐயா" என்றான். அதையும் நான் ஏற்கவில்லை. வாணியம்பாடிக்குத் தொலைபேசியில், "உன்னிடம் இருப்பதும் அதே சரக்குத்தான், அம்மா" என்று சொல்லி வைத்தேன்.

ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஐயா, ஒரு தோல் நிறம் வெளுத்திருந்தால், தோலின் குறையா, சாயத்தின் குறையா, வெயிலின் குறையா என்று உடனே சொல்லமாட்டோம். அதே தொகுதியில் நிழலில் வைத்திருந்த துண்டொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உங்கள் தட்டுக்கு அப்படி ஒரு கூட்டாளி இல்லையா?" என்றார். வாணியம்பாடித் தட்டு அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

சோதனையைக் கூறுமுன், குறுந்தகடு எப்படிப் பேசுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். பிலிப்ஸ், சோனி என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த இந்த முறை 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. தட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர். உள்ளிருந்து வெளிநோக்கிச் சுருளாகச் செல்லும் ஒற்றைத் தடத்தின் நீளம் 5 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு தலைமயிரின் பருமனுக்குள் ஏறத்தாழ 40 சுற்றுகள் அடங்கிவிடும். தடம் நெடுகக் குழியும் மேடும் மாறி மாறி வருகின்றன. கண்ணுக்குப் புலனாகாத லேசர்க் கதிர் அதன்மீது விழுகிறது. மேட்டிலிருந்து ஒளி நன்கு திரும்புகிறது. குழியிலிருந்து மங்கித் திரும்புகிறது. இந்த ஒளி மாற்றத்தைக் கருவி எண்களாக்கி, எண்களைக் குரலாக்குகிறது.

தொழிற்சாலையில் செய்யும் தட்டில் இக்குழிகள் அச்சால் அழுத்திப் பதிக்கப்படுகின்றன. நம் ஊர்த் தோலில் சூடான அச்சுத் தகட்டால் பூவேலை பதிப்பது போன்றது அது. நகல் எடுக்கும் சி.டி.-ஆர் தட்டிலோ குழியே கிடையாது. இருப்பது ஒரு மெல்லிய சாயப் படலம். பதியும் கருவியின் வலிய கதிர் அச்சாயத்தை ஆங்காங்கே சுட்டு, ஒளி மங்கித் திரும்பும் இடங்களை உண்டாக்குகிறது. ஆகவே அச்சுத் தட்டு பூவேலை பதித்த தோல் என்றால், நகல் தட்டு சாயமிட்ட தோல். சாயத்துக்கு வெயில் பகை என்பதை ஆம்பூர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கத்திரி வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 பாகைக்கு மேல் ஏறிவிடும். அந்த உலையில்தான் என் தமிழாசிரியரின் குரலை ஓராண்டு வைத்திருந்தேன்!

அப்படியானால் அது ஏன் சிறிது சிறிதாகக் கெடவில்லை? தட்டில் எழுதும்போதே பிழை திருத்தும் கணக்கு ஒன்றையும் சேர்த்து எழுதுகிறார்கள். ரீட், சாலமன் என்ற கணித அறிஞர்கள் 1960-இல் வெளியிட்ட முறை அதற்கு அடிப்படை. சிறு கீறல்களையும் சிறு மங்கல்களையும் அது நிரப்பிவிடும். நோயை வெளிக்காட்டாமல் வேலைக்குச் செல்லும் உழைப்பாளி போலத் தட்டு நன்றாகவே பாடிக்கொண்டிருக்கும். பிழைகள் அளவு மீறியதும் குரல் இடறும். தடத்தின் தொடக்கத்தில் உள்ள பொருளடக்கத்தையே படிக்க இயலாவிட்டால், கருவி தட்டை வெளியே தள்ளிவிடும்.

இனிச் சோதனை. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றவேண்டும் என்பது எங்கள் விதி. வாணியம்பாடித் தட்டைக் காரில் இட்டோம். கருவி அதையும் தள்ளியது! "பார்த்தாயா தம்பி, இரண்டும் மட்டம்தான்" என்று நான் துள்ளினேன். "பொறுங்கள், ஐயா. படிக்கிறவரின் மூக்குக் கண்ணாடியை நாம் இன்னும் துடைக்கவில்லையே" என்றார் மாணவர். உண்மைதான். தூசி படிந்த கண்ணாடி அணிந்தவர் பளிச்சென்ற எழுத்தைப் படித்துவிடுவார். மங்கிய எழுத்தில் தடுமாறுவார். அச்சுத் தட்டு பாடியதால் கருவி குறையற்றது என்று நான் எண்ணியது தவறு. அது உயிரோடிருக்கிறது என்பது மட்டுமே அதனால் தெரிந்தது. கார் மின்வேலை செய்பவர் கருவியின் லென்ஸைத் துடைத்துக் கொடுத்தார். திறந்த கருவிக்குள் நீங்கள் எட்டிப் பார்க்கக்கூடாது. லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

துடைத்தபின் வாணியம்பாடித் தட்டு முதலிலிருந்து இறுதிவரை பாடியது. என் தட்டையும் கருவி ஏற்றது. ஆனால் விளிம்பை நெருங்குகையில் குரல் இடறியது. மாற்றி மாற்றி மும்முறை பார்த்தோம், முடிவு மாறவில்லை. ஒரே கடை, ஒரே நாள், ஒரே வகைத் தட்டு. ஒன்று அலமாரியில் வாழ்ந்தது. மற்றது வெயிலில் வாழ்ந்தது. இரண்டே தட்டுகளைக்கொண்டு உலகத்துக்குச் சட்டம் எழுதிவிட முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த இளைஞனைக் குற்றவாளி என்று கூற எனக்கு ஆதாரம் ஏதுமில்லை. கருவியில் தூசியைச் சேரவிட்டவனும், தட்டை வெயிலில் போட்டவனும் நானே.

உங்கள் வீட்டுக் காரிலும் இத்தகைய கருவி இருக்கலாம். அது நகல் தட்டை மறுத்தால் நீங்கள் பார்க்கவேண்டியவை சில உண்டு. தட்டின்மேல் சி.டி.-ஆர்.டபிள்யூ. என்றிருந்தால் அது அழித்து எழுதும் வகை. அச்சுத் தட்டு 70 விழுக்காடு ஒளியைத் திருப்பும் என்றால், இது 15 முதல் 25 விழுக்காடே திருப்பும். பழைய கருவிகளுக்கு அது போதாது. அடுத்து, பாடல்கள் எம்.பி.3 கோப்புகளாக இருந்தால், இசைத் தட்டு மட்டுமே அறிந்த கருவிக்கு அந்த மொழி புரியாது. பதிவை முறையாக முடித்து மூடாவிட்டால் பொருளடக்கம் எழுதப்பட்டிராது. அதையும் கருவி ஏற்காது. காகிதச் சீட்டு ஒட்டிய தட்டைக் காரில் இடாதீர்கள். வெப்பத்தில் பசை இளகிக் கருவிக்குள் ஒட்டிக்கொள்ளும். அழுக்கைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், மிக விரைவாகப் பதியாமல் நடுத்தர வேகத்தில் வேறொரு நல்ல தட்டில் பதிந்து பாருங்கள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். நான் தட்டைக் கேட்டு வாணியம்பாடிக்குச் சென்றபோது, அந்த அம்மையார் அதைப் பழைய சாமான் வாங்குபவருக்கென ஒதுக்கிய பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "தலைமையாசிரியரே மட்டம் என்று சொல்லிவிட்ட பிறகு வைத்திருந்து என்ன பயன் என்று நினைத்தேன்" என்றார். சோதியாமல் நான் சொன்ன ஒரு சொல், அவருடைய தந்தையின் குரலைக் குப்பைக்கு அனுப்ப இருந்தது. அந்தத் தட்டிலிருந்து புதிய படிகள் எடுத்து, இப்போது மூன்று வீடுகளில் வைத்திருக்கிறோம். ஒன்றும் காரில் இல்லை.

வேலூர்க் கடையில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். பழுது பார்ப்பவன் அதே இளைஞன்தான். அன்று போலவே நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே, "தம்பி, தவறு என்னுடையது, உன்மேல் குறையில்லை" என்றேன். "அதை நான் மறந்துவிட்டேன், ஐயா" என்றான். ஆனால் அவன் கண்கள் மறந்திருக்கவில்லை.

மாணவர்களே! கருவி ஒன்று வேலை செய்ய மறுத்தால் அதைக் கோபிக்காதீர்கள், கேளுங்கள். ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டால் அது உண்மையையே சொல்லும். மனிதர்மேல் குறை கூறுமுன் இன்னும் ஒருமுறை கூடுதலாகக் கேளுங்கள். தட்டு கெட்டால் வேறு தட்டில் பதியலாம். சொல்லிவிட்ட சொல்லுக்கு மாற்றுப் படி கிடையாது.