வட்டணியும் இடைமுகமும்

கலைச்சொல் தெளிவுறாதவிடத்துப் பொருளும் தெளிவுறாது. காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியமை இப்பணியின் பெருமையை உணர்த்தும். அவ்வழி நின்று, கணினியின் சேமிப்புத் துறையிற் பயிலும் சில சொற்களை நோக்குவாம்.

வட்டு என்பது, சுழலும் காந்தத் தகட்டின்மீது தரவை எழுதிவைக்கும் கருவியாகும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட றாமாக் என்னும் பொறியில் 50 தகடுகள் இருந்தும், அவை தாங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களே.

பல வட்டுக்களை ஒன்றேபோற் கணினிக்குக் காட்டும் அமைப்பு வட்டணி எனப்படும். 1988இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தினரான பற்றேசன், கிப்சன், காற்ஸ் ஆகிய மூவர் இதனை 'றெயிட்' எனப் பெயரிட்டு விளக்கினர். இதன் நிலைகள் எண்களாற் குறிக்கப்படும். பூச்சிய நிலையில் தரவு துண்டுகளாகப் பல வட்டுக்களிற் பரப்பப்படும். விரைவு மிகும், எனினும் ஒரு வட்டுக் கெடின் அனைத்தும் கெடும். முதலாம் நிலையில் ஒரு வட்டில் எழுதியதே மற்றதிலும் எழுதப்படும். இது கண்ணாடி விம்பம் போன்றது. ஐந்தாம் நிலையில் தரவோடு சரிபார்ப்பெண்ணும் வட்டுக்களிடையே பகிரப்படும். ஒரு வட்டில் 7, மற்றொன்றில் 5, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 12 எனக் கொள்வோம். 5 அழியின், 12இல் 7ஐக் கழித்து அதனை மீட்கலாம். பொறியானது ஒற்றை இரட்டைக் கணக்கையே ஆளுமாயினும் தத்துவம் இதுவே. இரு வட்டுக்கள் ஒருங்கே கெடின் மீட்சியில்லை.

இடைமுகம் வேறு. அது வாவிக்கரைகளை இணைக்கும் பாலம் போன்று, வட்டையும் கணினியையும் இணைப்பது. பழைய ஸ்கசி, ஏ.ரி.ஏ. முறைகள் பல கம்பிகளில் ஒருங்கே தரவை அனுப்பின. விரைவு கூடியபோது அவை ஒரே கணத்திற் சென்று சேரவில்லை. ஆதலின் சாட்டா, சாஸ் முறைகள் தரவை ஒன்றன்பின் ஒன்றாக, மிக விரைவாக அனுப்பலாயின. வட்டணி வட்டுக்களைச் சேர்க்கும் முறை. இடைமுகம் தரவு செல்லும் வழி. இவற்றை மயங்கலாகாது.

இன்னுமொரு மயக்கம் பெருந்தீங்கு விளைப்பது; வட்டணியே காப்புப்படி என எண்ணுதல் அது. தவறுதலாக அழித்த கோப்பு விம்பத்திலும் அக்கணமே அழியும். தீயும் வெள்ளமும் ஓரிடத்துள்ள வட்டுக்கள் அனைத்தையும் கொள்ளும். 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் ஒருங்கே அழிந்தன. கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் பெரியகல்லாறு முதலிய ஊர்களுக்கு, 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடல்கோள் கற்பித்த பாடமும் அதுவே. எனவே கோயிலேடுகளையும் பாடசாலைப் பதிவேடுகளையும் கணினியில் ஏற்றுவோர், ஒரு படியையேனும் வேற்றூரில் வைத்தல் வேண்டும்.